பல் வைத்தியரின் கதிரையைக் கண்டால் நடுக்கமா?

சில மாதங்களுக்கு முன்னர் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஓர் அக்கா என்னைத் தேடி வந்தார். வயது 50ஐத் தாண்டியவர். சேலைத் தலைப்பால் முகத்தின் ஒரு பக்கத்தை மூடியிருந்தார். விலக்கிப் பார்த்தபோது இடது கன்னம் கண்ணுக்குக் கீழ் வரை வீங்கியிருந்தது. மூன்று நாட்களாகச் சோறு இல்லை, கஞ்சி மட்டுந்தான். உப்புத் தண்ணீரில் கொப்பளித்திருக்கிறார். கராம்பு எண்ணெயைப் பஞ்சில் தோய்த்து வைத்திருக்கிறார். பனடோல் எத்தனை போட்டார் என்று அவருக்கே கணக்குத் தெரியவில்லை.

"ஏன் அக்கா ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை?" என்று கேட்டேன்.

"தங்கச்சி, நான் நாலு பிள்ளை பெத்தனான். அதுக்கு நான் பயப்படேல்லை. அந்தக் கதிரையிலை போய்ச் சாய நினைச்சாலே எனக்குக் கை கால் விறைக்குது" என்றார்.

இதைக் கேட்டுச் சிரிக்கக்கூடாது. வீட்டில் உள்ளவர்கள் சிரித்ததனால்தான் அவர் மூன்று நாள் பேசாமல் இருந்தார். பல் வைத்தியரிடம் போகப் பயப்படுவது கோழைத்தனம் அல்ல. அது உலகமெங்கும் உள்ள ஒரு பயம். ஐக்கிய இராச்சியத்தில் 2009ஆம் ஆண்டு வளர்ந்தவர்களின் பற்சுகாதாரம் பற்றி எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில், நூற்றுக்கு 12 பேர் மிகக் கடுமையான பயம் உடையவர்களாகக் காணப்பட்டனர். இப்படியான கணக்கெடுப்புகளில் ஆண்களைவிடப் பெண்களே கூடுதலாகப் பயத்தைச் சொல்லுகிறார்கள். ஆண்களுக்குப் பயம் குறைவா, அல்லது அவர்கள் வெளியே சொல்வது குறைவா என்பதை வாசகியரே யோசித்துக்கொள்ளலாம்.

உங்கள் பயம் எவ்வளவு என்று அறிய ஒரு சிறு வழி இருக்கிறது. பல் வைத்தியர்கள் பல நாடுகளில் கையாளும் ஐந்து கேள்விகள் இவை. நாளைக்குப் பல் வைத்தியரிடம் போகவேண்டும் என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்? வெளியே வாங்கில் உங்கள் முறை வரும்வரை காத்திருக்கும்போது? பல்லைத் துளைக்கப் போகிறார்கள் என்றால்? பல்லைச் சுரண்டித் துப்புரவு செய்யப் போகிறார்கள் என்றால்? மேல் கடைவாய்ப் பல்லின் முரசில் ஊசி போடப் போகிறார்கள் என்றால்? ஒவ்வொன்றுக்கும் பயமே இல்லை என்றால் 1, மிக மிகப் பயம் என்றால் 5 என்று புள்ளி போடுங்கள். கூட்டினால் 5க்கும் 25க்கும் இடையில் வரும். 19 அல்லது அதற்கு மேல் என்றால், அது மனதைத் தேற்றிக்கொண்டு போய்விடக்கூடிய சாதாரண பயம் அல்ல. அதை வைத்தியரிடம் சொல்லியே ஆகவேண்டும். அந்த அக்காவிடம் இவற்றை நான் கேட்டபோது 23 வந்தது.

பயம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலானோருக்குச் சிறுவயதிலிருந்துதான். விறைக்க முன்னமே பல்லைப் பிடுங்கிய அனுபவம் ஒருமுறை ஏற்பட்டால் போதும், அது ஆயுளுக்கும் மறக்காது. இன்னொன்றை நாங்கள் தாய்மாரே செய்கிறோம். "சொல்வழி கேளாவிட்டால் டொக்டரிட்டைக் கொண்டுபோய் ஊசி போடுவன்" என்று பிள்ளையை வெருட்டாத வீடு எங்கள் ஊரில் எத்தனை? பிறகு பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்துக்குப் பிள்ளையை அனுப்பும்போது அது கதவைப் பிடித்துக்கொண்டு அழுகிறது என்று குறைப்படுகிறோம்.

பயத்தினால் வரும் கேடு எது என்று பார்த்தால், அது தள்ளிப்போடுதல்தான். சிறு சூத்தையாக இருக்கும்போது போனால் அடைத்துவிடலாம். அரை மணி நேர வேலை. தள்ளிப்போட்டால் சூத்தை நரம்பை எட்டும். இன்னும் தள்ளிப்போட்டால் வேரில் சீழ் கட்டும். அப்போது எந்தப் பெரிய சிகிச்சைக்குப் பயந்து ஒளித்தோமோ அதே சிகிச்சைதான் வந்து நிற்கும். அதோடு, சீழ் பிடித்த இடத்தில் விறைப்பு ஊசி சரியாக வேலை செய்யாது. அழற்சி உள்ள தசையில் அமிலத்தன்மை கூடுவதால் மருந்து நரம்புக்குள் போவது குறைகிறது. ஆகவே ஏற்கெனவே பயந்தவருக்கு உண்மையிலேயே நோகிறது. "நான் சொன்னேன்தானே" என்று அவர் அடுத்த பத்து வருடத்துக்கு அந்தப் பக்கம் போவதில்லை. இந்தச் சுற்று எப்படிச் சுழல்கிறது என்று பாருங்கள்.

மேற்பல்லின் சீழ் கண் பக்கமாகவும், கீழ்ப்பல்லின் சீழ் நாடிக்குக் கீழே கழுத்துப் பக்கமாகவும் பரவக்கூடும். வாயைத் திறக்க முடியாமல் போவது, எச்சில் விழுங்கக் கஷ்டம், மூச்சு விடக் கஷ்டம், காய்ச்சலோடு வீக்கம் கூடிக்கொண்டு போவது - இவற்றில் எதைக் கண்டாலும் பல் கிளினிக் நாள் வரும்வரை பார்த்திருக்கக்கூடாது. உடனே பெரிய வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகவேண்டும். வாகனம் இல்லையென்றால் 1990 இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். அதேபோல வெற்றிலையும் புகையிலையும் போடும் அம்மாமாருக்கு வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைப் படையோ இருந்தால், பயம் என்று சொல்லி வாயைத் திறக்காமல் இருப்பது உயிரோடு விளையாடுவது. எங்கள் நாட்டில் வாய்ப்புற்றுநோய் எவ்வளவு அதிகம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இனி, பயத்தைத் தணிக்க என்ன வழிகள் இருக்கின்றன என்று பார்ப்போம். "மயக்கிப்போட்டுப் பிடுங்கினால் நான் வாறன்" என்று பலர் சொல்வார்கள். மயக்கம் என்று நாங்கள் ஒரே சொல்லாகச் சொன்னாலும் அதில் பல படிகள் உண்டு.

முதலில் ஒன்றைத் தெளிவாக விளங்கிக்கொள்ளவேண்டும். நோவை நிறுத்துவது வேறு, பதற்றத்தைத் தணிப்பது வேறு. நோவை நிறுத்துவது முரசில் போடும் விறைப்பு ஊசி. லிக்னோகெயின் என்ற மருந்தே பெரும்பாலும் பயன்படுகிறது. பதற்றத்தைத் தணிக்கும் மருந்து கொடுத்தாலும் அந்த ஊசியும் போட்டே ஆகவேண்டும். வித்தியாசம் என்னவென்றால், அதைப் போடும்போது நீங்கள் பொருட்படுத்தமாட்டீர்கள். ஊசி குத்துவதே பயம் என்பவர்களுக்கு முரசில் முதலில் விறைக்கும் களிம்பைப் பூசி ஓரிரு நிமிடம் விட்டுப் பிறகு மெதுவாக ஊசி போடுவார்கள். மருந்தை அவசரப்படாமல் மெல்ல மெல்ல ஏற்றினால் நோ மிகவும் குறைவு. இதைக் கேட்டுப் பெற உங்களுக்கு உரிமை உண்டு.

அடுத்தது வாயு. சிரிப்பு வாயு என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். நைதரசு ஒட்சைட்டு. இதன் கதையே ஒரு பல் வைத்தியரோடு சம்பந்தப்பட்டது. 1844 டிசம்பரில் அமெரிக்காவின் ஹார்ட்போர்ட் நகரில் கோல்டன் என்பவர் காசுக்கு இந்த வாயுவைக் கொடுத்து ஆட்களைச் சிரிக்கவைக்கும் ஒரு காட்சி நடத்தினார். வாயுவை முகர்ந்த ஒருவர் துள்ளிக் குதித்துக் காலில் காயப்பட்டார். ஆனால் அவருக்கு நோகவே இல்லை. பார்த்துக்கொண்டிருந்த ஹொரஸ் வெல்ஸ் என்ற பல் வைத்தியருக்கு ஒரு யோசனை வந்தது. அடுத்த நாள், டிசம்பர் 11ஆம் திகதி, தானே அந்த வாயுவை முகர்ந்து தன் கடைவாய்ப் பல்லையே இன்னொரு வைத்தியரைக் கொண்டு பிடுங்குவித்தார். நோகவில்லை. அடுத்த மாதம் பொஸ்டன் நகரில் மருத்துவ மாணவர்கள் முன்னிலையில் செய்து காட்டப் போனபோது மட்டும் நோயாளி கத்திவிட்டார். கூடியிருந்தவர்கள் ஏமாற்று வேலை என்று கூச்சலிட்டார்கள். வெல்ஸ் மனமுடைந்து போனார். 1848இல் இறந்தும் போனார். அவர் கண்டது சரி என்பதைப் பின்னால் உலகம் ஏற்றுக்கொண்டது.

இப்போது இந்த வாயுவைத் தனியாகக் கொடுப்பதில்லை. ஒட்சிசனோடு கலந்து, மூக்கின் மேல் வைக்கும் மென்மையான ஒரு மூடி வழியாகக் கொடுக்கிறார்கள். முதலில் வெறும் ஒட்சிசன். பிறகு சிறிது சிறிதாக வாயுவைக் கூட்டுவார்கள். ஒட்சிசன் நூற்றுக்கு 30இற்குக் கீழே போகாதபடி அந்த இயந்திரமே தடுத்துவிடும். கை கால் நுனியில் ஒரு விறுவிறுப்பு, உடம்பில் இளஞ்சூடு, மிதப்பது போன்ற உணர்வு ஆகியவை வரும். நித்திரை வராது. வைத்தியர் கேட்பதற்குப் பதில் சொல்லலாம். வேலை முடிந்ததும் மறுபடி ஒட்சிசன் மட்டும் சில நிமிடம் கொடுத்தால் தெளிந்துவிடும். வேகமாக வந்து வேகமாகப் போவதுதான் இதன் நன்மை. பிள்ளைகளுக்கும் ஏற்றது. மூக்கடைப்போடு கடும் தடிமல் இருந்தால் பயன்படாது, ஏனெனில் மூக்கால் மூச்சு எடுக்கவேண்டும். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் தவிர்ப்பார்கள். இந்த வசதி எங்கள் நாட்டில் எல்லா இடத்திலும் இல்லை. மூலைமுடுக்கில் உள்ள கிளினிக்கில் போய் எதிர்பார்க்க முடியாது.

மூன்றாவது, குளிசை. டயசிபாம் போன்ற ஒரு குளிசையை முதல் நாள் இரவு நித்திரைக்கும், சிகிச்சைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு முன்பும் எடுக்கும்படி வைத்தியர் எழுதிக்கொடுக்கலாம். எளிய வழி. ஆனால் ஒரே அளவு ஒருவருக்குப் போதாமலும் இன்னொருவருக்குக் கூடுதலாகவும் இருக்கும். விழுங்கிய பின் வெளியே எடுக்க முடியாது. இங்கேதான் நான் சகோதரிகளிடம் கண்டிப்பாகப் பேசவேண்டியிருக்கிறது. அம்மாவின் நித்திரைக் குளிசையில் ஒன்று, அயல்வீட்டு மாமி கொடுத்த நரம்புக் குளிசையில் ஒன்று என்று போட்டுக்கொண்டு, வைத்தியருக்கும் சொல்லாமல் போய்க் கதிரையில் ஏறுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். இது மிகவும் ஆபத்து. வயதானவர்கள், நெஞ்சு வருத்தம் அல்லது நாட்பட்ட முட்டு உள்ளவர்கள், படுத்தால் பலமாகக் குறட்டை விட்டு இடையில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழுபவர்கள், வேறு வருத்தத்துக்கு மருந்து குடிப்பவர்கள் - இவர்களுக்கு மூச்சே மந்தமாகிவிடலாம். தைரியத்துக்கு என்று ஆண்கள் சாராயம் குடித்துவிட்டுப் போவதும் இதே ரகம். மதுவும் குளிசையும் சேர்ந்தால் இரண்டின் வேகமும் கூடும்.

நான்காவது, நரம்பில் ஏற்றும் மருந்து. மிடாசோலம் என்பதே பொதுவாகப் பயன்படுவது. புறங்கை நரம்பில் ஊசி வைத்து, சொற்பமாக ஏற்றி, பொறுத்துப் பார்த்து, மறுபடி சொற்பமாக ஏற்றுவார்கள். ஆளுக்கு ஏற்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம் என்பதே குளிசையைவிட இதிலுள்ள சிறப்பு. கண்ணை மூடி அரைத்தூக்கத்தில் இருப்பீர்கள். கூப்பிட்டால் கேட்கும், "வாயைத் திறவுங்கோ" என்றால் திறப்பீர்கள். பிறகு கேட்டால் நடந்தது ஒன்றும் ஞாபகம் இருக்காது. அந்த மறதியும் மருந்தின் குணந்தான். ஞானப்பல் எடுப்பது போன்ற நீண்ட வேலைக்கும், கடும் பயம் உள்ளவர்களுக்கும் இது கைகொடுக்கும். ஆனால் இதைச் செய்வதற்குப் பயிற்சி பெற்ற வைத்தியரும், நோயாளியைக் கவனிக்கவென்றே பயிற்சி பெற்ற இன்னொருவரும் இருக்கவேண்டும். விரலில் மாட்டி ஒட்சிசன் அளவைக் காட்டும் கருவி, ஒட்சிசன் சிலிண்டர், மருந்தின் வேகத்தை முறிக்கும் புளுமசெனில் என்ற மாற்றுமருந்து ஆகியவை கையெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும். இவை இல்லாத இடத்தில், எவ்வளவு கைராசியான டொக்டர் என்றாலும், சம்மதிக்காதீர்கள்.

இந்த மருந்து ஏற்றிய பிறகு தனியே பஸ் ஏறி வீட்டுக்கு வரமுடியாது. பொறுப்பான ஒருவர் கூட வந்து, கூட்டிக்கொண்டு போய், அன்றிரவு வீட்டில் இருக்கவேண்டும். 24 மணித்தியாலத்துக்கு மோட்டார் சைக்கிள், சைக்கிள் ஓடக்கூடாது, கடன் பத்திரம், காணி உறுதி போன்ற எதிலும் கையொப்பம் வைக்கக்கூடாது என்பார்கள். எங்கள் பெண்களுக்கு இதைவிட முக்கியமானது, அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் போகக்கூடாது. கைக்குழந்தையைத் தனியே வைத்துப் பார்க்கக்கூடாது. உங்களுக்குத் தெளிந்துவிட்டது போலத் தோன்றும், ஆனால் கை தடுமாறும். ஆகவே முதல் நாளே அடுத்த நாள் சமையலுக்கு ஒருவரை ஒழுங்கு செய்துவிட்டுத்தான் போகவேண்டும். "பல்லுக் கழட்டினதுக்கு ஒரு நாள் படுக்கையோ?" என்று கேட்கும் மாமியார் இருந்தால், வைத்தியர் சொன்னதை அவருக்கும் முன்கூட்டியே கேட்கவைப்பது நல்லது.

கடைசியாக முழு மயக்கம். இதை வைத்தியசாலையின் சத்திரசிகிச்சைக் கூடத்தில், மயக்கமருந்து வைத்திய நிபுணர் நிற்கும்போதுதான் செய்யவேண்டும். மிகச் சிறிய பிள்ளைகளுக்கு ஒரே தடவையில் பல பற்களைக் கவனிக்கவேண்டியிருந்தால், விசேட தேவையுள்ளவர்களுக்கு, பெரிய சத்திரசிகிச்சைக்கு இது தேவைப்படும். பிரித்தானியாவில் ஒரு காலத்தில் தெருமுனைப் பற்சிகிச்சை நிலையங்களிலும் முழு மயக்கம் கொடுத்தார்கள். கதிரையிலேயே உயிர்கள் போன பின், 2001ஆம் ஆண்டு முடிவோடு வைத்தியசாலைக்கு வெளியே அது நிறுத்தப்பட்டது. பல் பிடுங்கும் பயம் ஒன்றுக்காக மட்டும் முழு மயக்கம் கேட்பது, என் அபிப்பிராயத்தில், கொசுவுக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போன்றது.

கர்ப்பிணித் தாய்மாருக்கு ஒரு வார்த்தை. கர்ப்பகாலத்தில் பல்லைத் தொடவே கூடாது என்ற எண்ணம் தவறு. நடுவில் உள்ள மூன்று மாதங்கள் சிகிச்சைக்கு வசதியான காலம். விறைப்பு ஊசி போடலாம். டயசிபாம், மிடாசோலம் போன்றவற்றைத் தவிர்ப்பார்கள். ஆகவே கர்ப்பமாக இருப்பதையும், இருக்கலாமோ என்ற சந்தேகத்தையும், பால் கொடுப்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இன்னொரு விடயத்தையும் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. சில பெண்களுக்குப் பயம் பல்லைப் பற்றியதே அல்ல. மல்லாந்து படுக்கவைத்து, ஓர் ஆண் முகத்துக்கு மேலே குனிந்து, வாய்க்குள் கைவைப்பதுதான் அவர்களால் தாங்க முடியாதது. யுத்த காலத்திலும், தடுப்பிலும், சிலருக்குச் சொந்த வீட்டுக்குள்ளும் நடந்தவை அந்தக் கதிரையில் சாய்ந்ததும் திரும்பி வரும். மூச்சு முட்டும், வியர்க்கும், எழுந்து ஓடச் சொல்லும். அப்படியான சகோதரிக்குச் சுயநினைவைக் குறைக்கும் மருந்து சில வேளைகளில் பயத்தைக் கூட்டவுஞ் செய்யும். அவர் நடந்த கதையை வைத்தியருக்குச் சொல்லத் தேவையில்லை. "எனக்குப் படுக்க ஏலாது, கதிரையை நிமிர்த்தி வையுங்கோ. பெண் டொக்டர் இருந்தால் நல்லது. எனக்குத் தெரிந்தவர் பக்கத்தில் நிற்கவேண்டும்" என்று கேட்டால் போதும். எங்கள் நாட்டில் பெண் பல் வைத்தியர்களுக்குக் குறைவில்லை. இரவில் நித்திரையும் இல்லை, வேறு இடங்களிலும் இதே பதற்றம் வருகிறது என்றால் மனநல வைத்தியரையும் காணவேண்டும். பேச்சுவழி உளச்சிகிச்சையால் பற்சிகிச்சைப் பயமும் குறைகிறது. மருந்தைப்போல அன்றைக்கு மட்டுமல்லாமல், நீடித்தும் நிற்கிறது.

அந்த அக்காவின் கதைக்கு வருகிறேன். அன்றைக்கே ஓட்டோவில் ஏற்றி அரச வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இளம் பெண் வைத்தியர். உள்ளே போனதும், கதிரையில் ஏறமுன், "டொக்டர், இவவுக்கு 23 புள்ளி" என்று விளக்கினேன். அவர் கருவிகளை மூடி வைத்துவிட்டு, அக்காவைச் சாதாரணக் கதிரையில் இருத்திக் கதைத்தார். சீழை வெளியேற்றி, மருந்து கொடுத்து, வீக்கம் வற்றிய பின் வரச் சொன்னார். மயக்கி எடுக்கமுடியுமா என்று அக்கா கேட்டார். "அதுக்குப் பெரியாஸ்பத்திரிக்குத் துண்டு தரலாம் அம்மா. ஆனால் முதலில் ஒருமுறை இப்படிப் பார்ப்பம். நீங்கள் இடது கையை உயர்த்தினால் நான் நிறுத்துவன். ஏன் என்று கேட்கமாட்டன்" என்றார்.

அடுத்த கிழமை காலை முதல் ஆளாகப் போனோம். காத்திருந்து காத்திருந்து பயம் ஏறக்கூடாது என்பதற்காக வைத்தியர்தான் அந்த நேரத்தைத் தந்தார். களிம்பு பூசினார். ஊசியைப் போட்டுவிட்டு நன்றாக விறைக்கும்வரை பத்து நிமிடம் விட்டார். அக்கா ஐந்து தடவை கையை உயர்த்தினார். ஐந்து தடவையும் அந்தப் பிள்ளை நிறுத்தியது. முதல் மூன்று தடவையும் நோவுக்காக உயர்த்தவில்லை, உண்மையிலேயே நிறுத்துகிறாவோ என்று பார்க்கத்தான் உயர்த்தினேன் என்று வரும் வழியில் சொன்னார்.

இன்னும் இரண்டு பற்கள் அடைக்கவேண்டியிருக்கின்றன. பெரியாஸ்பத்திரித் துண்டைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார். பயன்படுத்தும் எண்ணம் இப்போதைக்கு இல்லையாம். கைப்பையில் இருந்தால் ஒரு தைரியம் என்கிறார்.